இறுகிய ஃபோர்க்கை இளக்குவது எப்படி?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மலைச் சைக்கிள் வாங்குபவர்கள் மலையேறுவதற்காக அதை வாங்குவதில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கங்களில் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் செம்மண் தடங்களும், செம்புறைக் கல் துருத்தி நிற்கும் வண்டிப்பாதைகளும், கண்மாய்க் கரைகளுமே எதிர்ப்படுகின்றன; அந்தக் குலுக்கலை முன்சக்கரத்துக்கு மேலுள்ள சஸ்பென்ஷன் ஃபோர்க் வாங்கிக்கொள்ளும் என்று நம்பித்தான் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். ஆனால் விலை குறைந்த சைக்கிள்கள் பலவற்றில் அந்த ஃபோர்க் அசைவதே இல்லை. கையால் ஓங்கி அழுத்தினால் சற்று இறங்குகிறது. ஓட்டும்போதோ ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து அடிக்கிறது.

இந்த இறுக்கத்துக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்க முடியும். சுருள்வில் ஓட்டுபவரின் எடைக்கு மிகையாக விறைத்திருக்கலாம். வில்லின் துள்ளலை அடக்க உள்ளே இருக்கும் எண்ணெய்த் தணிப்பு மிகையாக இருக்கலாம். அல்லது குழாய்களுக்கு இடையிலான உராய்வு, வில்லை வேலை செய்யவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம். மூன்றும் கையில் ஒரே மாதிரிதான் உணரப்படுகின்றன என்றாலும் ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. எது காரணம் என்று பிரித்தறியாமல் புதிய ஃபோர்க் வாங்கச் செல்வது வீண்செலவு என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். மேலே தலைப்பகுதியில் பொருத்தப்பட்ட இரண்டு உட்குழாய்கள், சக்கரத்தைத் தாங்கும் இரண்டு வெளிக்கால்களுக்குள் ஏறி இறங்குகின்றன. வெளிக்கால்களுக்குள் இருக்கும் புஷ்கள் என்னும் வழுக்கு வளையங்கள் உட்குழாயை நேராக வழிநடத்துகின்றன. வாயில் இருக்கும் ரப்பர் சீல் தூசியைத் தடுக்கிறது. எளிய ஃபோர்க்கில் ஒரு காலிலோ இரண்டு கால்களிலுமோ எஃகுச் சுருள்வில் இருக்கும்; சிலவற்றில் வில்லுக்குள் ரப்பர் போன்ற பாலியூரித்தேன் தண்டு ஒன்றும் செருகப்பட்டிருக்கும்.

சுருள்வில்லின் விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார்: விசை, அமுக்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் இருக்கையில் அமர்ந்திருக்கையில் அவருடைய எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு முன்சக்கரத்தின் மேல் விழுவதாகக் கொள்வோம். அது 24 கிலோ, அதாவது சுமார் 235 நியூட்டன். ஃபோர்க் தரையோடு 70 பாகை சாய்ந்திருப்பதால் அதன் நீளவாக்கில் இறங்கும் விசை 221 நியூட்டன் அளவுக்கு இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 நியூட்டன் கேட்கும் வில் உள்ளே இருந்தால், ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் ஃபோர்க் சுமார் 28 மில்லிமீட்டர் இறங்கும். இந்த முதல் இறக்கத்துக்கு ‘அமர்வு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள, அதாவது முழுதாக அமுங்கினால் அவ்வளவு தூரம் இறங்கும் ஃபோர்க்கில் 20 முதல் 25 மில்லிமீட்டர் அமர்வு இருப்பது நல்லது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஃபோர்க் நீண்டு தரையைத் தொடுவதற்கும் இந்த அமர்வுதான் இடம் தருகிறது.

பல ஃபோர்க்குகளின் மேல்மூடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருகினால் வில் ‘கடினமாகும்’ அல்லது ‘மென்மையாகும்’ என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது வில்லின் மாறிலியை, அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க அது கேட்கும் விசையை, மாற்றுவதில்லை. வில்லை முன்கூட்டியே சற்று அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன வில்லை 10 மில்லிமீட்டர் முன்னமுக்கினால், 80 நியூட்டன் விசை வரும்வரை ஃபோர்க் அசையவே அசையாது. அமர்வும் 18 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். எனவே முதல் வேலை, அந்தத் திருகை முழுவதும் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்ப்பது. ஃபோர்க்கை அசையாமல் பூட்டிவைக்கும் பூட்டுநெம்பு இருந்தால் அது திறந்த நிலையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

அப்படியும் அமர்வு சில மில்லிமீட்டரைத் தாண்டவில்லை என்றால் வில்லையே சந்தேகிக்கலாம். இங்கே பலர் ஒரு தவறான வைத்தியம் பார்க்கிறார்கள்: வில்லின் சில சுற்றுகளை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். சுருள்வில்லின் மாறிலி கம்பியின் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்திலும், சுருளின் விட்டத்தின் மூன்றாம் படிக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதத்திலும் இருக்கிறது. ஆகவே 40 சுற்றுகள் உள்ள வில்லில் ஐந்தை வெட்டினால் அது ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதலாக விறைக்கும். நீளம் குறைவதால் முன்னமுக்கம் போய், தொடக்கத்தில் மென்மை தெரியும். பெரிய பள்ளத்தில் விழும்போதுதான் உண்மை வெளிப்படும். இதற்கு மாறாக, அதே நீளமும் அதே சுற்றுகளும் அதே சுருள் விட்டமும் கொண்டு கம்பி மட்டும் 4.5 மில்லிமீட்டரிலிருந்து 4.25-ஆக மெலிந்த வில்லைப் போட்டால் விறைப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்துவிடும். சில மாடல்களுக்கு மென்மையான வில் தனியாகவே கிடைக்கிறது. உள்ளே பாலியூரித்தேன் தண்டு இருக்கும் ஃபோர்க்கில் அந்தத் தண்டு பழசாகி இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆனால் விலை குறைந்த ஃபோர்க்கில் பெரும்பாலும் வில்லைவிட உராய்வே பெரிய குற்றவாளி. சாய்ந்து நிற்கும் ஃபோர்க்கின் மேல் விழும் சுமையில் 94 விழுக்காடு நீளவாக்கில் வில்லை அமுக்குகிறது. ஏறத்தாழ 34 விழுக்காடு குறுக்குவாக்கில் குழாயை வளைக்கப் பார்க்கிறது (இரண்டும் வெவ்வேறு திசை விசைகள் என்பதால் கூட்டினால் நூறு வராது). இந்த இரண்டாவது பங்கு, உட்குழாயை மேல்புஷ்ஷின் ஒரு பக்கத்திலும் கீழ்புஷ்ஷின் எதிர்ப்பக்கத்திலும் நெருக்குகிறது. பழைய செட்டிநாட்டு வீட்டின் தேக்கு அலமாரியில் அகலமான இழுப்பறையை ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்தால் அது கோணிக்கொண்டு நின்றுவிடுமே, அதே இயற்பியல்தான் இங்கும் நடக்கிறது. புஷ்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் உட்குழாய் மெலிந்தும் இருக்கும் ஃபோர்க்கில் இந்தக் கோணல் அதிகம். முன் பிரேக் பிடிக்கும்போது குறுக்குவிசை மேலும் கூடுவதால், மென்மை மிகவும் தேவைப்படும் அந்த நொடியில்தான் ஃபோர்க் இறுகுகிறது. ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிடப் பெரியது என்பதும் சேர்ந்துகொள்கிறது: சிறு கற்கள் தரும் விசை அந்த முதல் தடையைக் கடப்பதே இல்லை, எனவே வில் எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் அதற்குச் செய்தி போய்ச் சேருவதில்லை.

இந்த உராய்வை வீட்டிலேயே அளந்துவிடலாம். திண்ணைத் தூணில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, வழக்கமாக ஓட்டும் நிலையில் சைக்கிளில் அமர வேண்டும். உடனிருப்பவர் ஹேண்டில்பாரைக் கீழே அழுத்திவிட்டு மெதுவாக விடட்டும். ஃபோர்க் நிற்கும் இடத்தில் தலைப்பகுதிக்கும் சீலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை மேலே தூக்கி மெதுவாக இறக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். உராய்வே இல்லாத ஃபோர்க்கில் இரண்டு அளவுகளும் ஒன்றாக இருக்கும். இடைவெளி 12 மில்லிமீட்டர் என்றால், அதில் பாதியான 6-ஐ வில்லின் மாறிலியான 8-ஆல் பெருக்க, உராய்வு 48 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமம் என்று தெரிந்துவிடும். உண்மையான அமர்வு இரண்டு அளவுகளின் நடுவில் இருக்கிறது. இந்தச் சோதனையில் இடைவெளி பெரிதாக வந்தால் வில்லைத் தொடாமல் ஃபோர்க்கைப் பிரித்துச் சுத்தம் செய்வதே சரி.

சைக்கிள் கடையில் சீலின் வெளிப்பக்கம் எண்ணெய் விட்டுத் தருவதோடு வேலை முடிந்ததாகக் கருதுகிறார்கள். அந்த எண்ணெய் நம் பகுதிச் செம்மண் தூசியைப் பிடித்து வைத்து, சீலுக்குள் உராய்வுப் பசையாக மாறிவிடுகிறது. அந்தத் தூசியில் கடினமான குவார்ட்ஸ் துகள்கள் இருக்கின்றன. முறையான வழி வேறு. முன்னமுக்கத்தைத் தளர்த்தி, சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றி, வெளிக்கால்களின் அடியிலுள்ள ஆலன் போல்ட்டுகளைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்தண்டு விடுபடும். பிறகு போல்ட்டுகளை நீக்கி வெளிக்கால்களை உருவிவிடலாம். பழைய கிரீஸைத் துணியால் துடைத்தெடுத்து, புஷ்களிலும் சீலின் உதட்டிலும் ரப்பருக்குக் கெடுதல் செய்யாத சஸ்பென்ஷன் கிரீஸைத் தடவ வேண்டும். மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவக் கூடாது. அது சில வகை ரப்பரை உப்பச் செய்யும். சுருள்வில்லுக்குப் பதில் அடைத்த காற்றே வில்லாக வேலை செய்யும் காற்று ஃபோர்க்காக இருந்தால், வால்வைத் திறந்து காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே எந்தப் போல்ட்டிலும் கை வைக்க வேண்டும்.

பிரித்திருக்கும்போது உட்குழாயின் மேற்பரப்பையும் விரல்நகத்தால் தடவிப் பார்க்கலாம். மலிவான ஃபோர்க்கில் அது குரோமியம் பூசிய எஃகு. மின்முலாமும் துருவும் காரைக்குடிக்குப் புதிய பாடங்கள் அல்ல. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இவ்வூர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இவற்றையும் ஆராய்ந்துவருகிறது. கடின குரோமியப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் இருக்கும். அவற்றின் வழியே ஈரம் எஃகை அடைந்தால் துருப்புள்ளிகள் தோன்றும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் புள்ளிகள் வந்துவிட்ட குழாய், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சீலைக் கிழிக்கிறது. அதை எந்தக் கிரீஸும் காப்பாற்றாது.

எண்ணெய்த் தணிப்பு தனிக் கதை. நல்ல ஃபோர்க்கில் எண்ணெய் சிறு துளைகள் வழியாக நெருங்கிச் செல்வதால் வில்லின் துள்ளல் அடங்குகிறது. மீள்வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை மிகவும் இறுக்கி வைத்திருந்தால், வரிசையாக அலை எழும்பிய மண்பாதையில் முதல் மேட்டில் அமுங்கிய ஃபோர்க் அடுத்த மேடு வருவதற்குள் மீண்டு எழாது. நாலைந்து மேடுகளில் அது கீழேயே தங்கி, வில் இறுகியதுபோல் தோன்றும். திருகைச் சில கிளிக்குகள் தளர்த்தினால் போதும்.

ஃபோர்க்குக்கு முன்பே இன்னொரு வில் இருக்கிறது: டயர். அதில் புஷ்ஷும் சீலும் இல்லை என்பதால் சிறு அதிர்வை முதலில் வாங்குவது அதுதான். கடையில் 2.1 அங்குல டயருக்கு 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) அழுத்தத்தில் காற்றை அடித்துவிட்டு ஃபோர்க்கைக் குறை சொல்வது நியாயமல்ல. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு, டயர் விளிம்பில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல், 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை பொதுவாகப் போதும்.

இவ்வளவும் செய்தபின் திருப்தி இல்லை என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். நல்ல காற்று ஃபோர்க்கின் பெரிய வசதி, ஐம்பது கிலோ மாணவருக்கும் தொண்ணூறு கிலோ பெரியவருக்கும் ஒரே ஃபோர்க்கைப் பம்பால் பொருத்திக்கொள்ள முடிவது. வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 30 பாகையில் 100 பி.எஸ்.ஐ. நிரப்பிய ஃபோர்க் நண்பகலில் நிறுத்திவைத்து 50 பாகைக்குச் சூடேறினால் அழுத்தம் சுமார் 107 அல்லது 108-ஐ எட்டும். ஆகவே ஓட்டப்போகும் வேளையின் வெப்பத்தில்தான் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

வாங்குமுன், ஃபோர்க்கின் உச்சியிலிருந்து சைக்கிள் சட்டத்துக்குள் நுழையும் ஸ்டீயரர் குழாயின் அளவு முதல் கேள்வி. பழைய சைக்கிள் சட்டங்கள் பலவற்றுக்கு 28.6 மில்லிமீட்டர் நேர்குழாய் வேண்டும். புதிய ஃபோர்க்குகள் பெரும்பாலும் கீழே அகன்ற குழாயோடு வருகின்றன, அவை நுழையாது. அச்சின் வகை, டிஸ்க் பிரேக் பொருத்துமிடம், சக்கர அளவு ஆகியவையும் ஒத்துப்போக வேண்டும். ஓட்டத்தில் பேராசை வேண்டாம்: அச்சிலிருந்து தலைப்பகுதி வரையுள்ள உயரம் 20 மில்லிமீட்டர் கூடினால் ஸ்டீயரிங் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை சாய்ந்து, மெதுவாகச் செல்கையில் முன்சக்கரம் அலையத் தொடங்கும். செட்டிநாட்டின் சமவெளிக்கு 80 அல்லது 100 மில்லிமீட்டரே நிறைவானது. ஸ்டீயரர் குழாயை வெட்டுமுன் பழையதைப் பக்கத்தில் வைத்து நீளம் குறித்துக்கொண்டு, சந்தேகம் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் கூட விட்டு வெட்டச் சொல்லுங்கள். மிச்சத்தை வளையங்களால் நிரப்பிக்கொள்ள முடியும்.