சுவரை அளப்பதற்கு முன்

பழைய இடங்களைப் பேணிக் காப்பது என் தொழில். புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் நாங்கள் நிரப்பும் படிவத்தில் கட்டிய ஆண்டு, கட்டுமானப் பொருள், விரிசலின் அகலம் எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. 'இது எங்கள் இடம்' என்று சொல்லும் மக்கள் யார் என்பதற்குப் பல படிவங்களில் ஒரு வரிகூட இருக்காது. நான் முதலில் எழுதுவது அதைத்தான்.

1991-இல் நியூயார்க்கில் அரசு அலுவலகம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது, ஆப்பிரிக்க மக்களைப் புதைத்த பழைய இடுகாடு வெளிப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக வாழ்ந்து மடிந்தவர்கள். வேலை நிற்கக் கூடாது என்ற அவசரத்தில் எலும்புகளை எடுத்துக்கொண்டே போனார்கள். கறுப்பின மக்கள் போராடித்தான் அதை நிறுத்தினார்கள். அதற்குள் 400-க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளியே வந்துவிட்டன. அதன் பிறகுதான் ஆய்வை யார் நடத்துவது, எதைத் தேடுவது என்பதில் அவர்களுடைய குரலுக்கும் இடம் கிடைத்தது. ஆய்வுப் பொறுப்பு கறுப்பின மக்களின் கல்விக்காக உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2003-இல் எல்லோரையும் அதே மண்ணில் மீண்டும் அடக்கம் செய்தார்கள். தோண்டும் முன்பே கேட்டிருந்தால் இந்தப் பன்னிரண்டு ஆண்டு வேதனையில் பாதியாவது குறைந்திருக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் அந்த வாய்ப்பும் இல்லாமல் போனது. சுமார் 46,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கிய பாறைக் குகைகள் அவை. அங்கே கிடைத்த 4,000 ஆண்டுப் பழமையான முடிப் பின்னலின் மரபணு, இன்று வாழும் பூர்வகுடிகளோடு பொருந்தியது. 2020 மே மாதம், இரும்புத் தாதுக்காக அந்தக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அனுமதி 2013-லேயே கொடுக்கப்பட்டிருந்தது. எனவே, சட்டப்படி அது குற்றமில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மாலி நாட்டின் திம்புக்துவில் 2012-இல் ஆயுதக் குழுவினர் இடித்த மண் சமாதிகளை, உள்ளூர்க் கொத்தனார்களே மீண்டும் எழுப்பினார்கள். 2015-இல் பணி முடிந்தது. மண்சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிர்ந்துவிடும். தலைமுறைகளாக அந்தச் சுவர்களைப் பூசி வந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு பழைய இடத்தைச் சீரமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், சாரம் கட்டும் முன் அந்த மக்களிடம் போய் உட்காருங்கள். எங்கே கால் வைக்கலாம், எதைப் படம் எடுக்கக் கூடாது என்று கேளுங்கள். வெளியாருக்குத் தெரியவே வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் மூலைகளும் இருக்கும். அவற்றை நான் வெளியிடும் வரைபடத்தில் குறிப்பதில்லை.