குழிக்கு இளகி வளைவுக்கு இறுகும் ஷாக் அப்சார்பர்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: வளைகுடா வேலையை முடித்து ஊருக்கே வந்துவிட்டார், இருநூறு குதிரைத்திறன் உள்ள கார் வாங்கப்போகிறார். ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச் சாலையில் வேகமாகவும் போக வேண்டும். தக்கலை வழியாக நாகர்கோவில் போகும்போது அம்மாவுக்கு இடுப்பும் நோகக் கூடாது. சாதாரண சஸ்பென்ஷனா, ஏர் சஸ்பென்ஷனா, அடாப்டிவ் ஷாக்கா?

என் பதில் அடாப்டிவ் ஷாக், அதாவது சாலைக்கேற்பத் தானே இளகவும் இறுகவும் கூடிய ஷாக் அப்சார்பர்.

ஸ்பிரிங்கின் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். விறைப்பும் எடையும் சேர்ந்து, வண்டி நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை முடிவு செய்கின்றன. ஒன்று முதல் ஒன்றரை முறை என்றால் உடம்புக்குச் சுகம்; விரைவுக் கார்களில் அது இரண்டை நெருங்கும். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில் ஆள் ஏற ஏறக் காற்றழுத்தம் கூடும், கூடவே விறைப்பும் கூடும். அதனால் ஐந்து பேர் உட்கார்ந்தாலும் உயரமும் ஆட்டமும் பெரிதாக மாறுவதில்லை. அருமையான குணம்தான். ஆனால் ரப்பர் பை, கம்ப்ரசர், வால்வு என்று பழுதாகக்கூடிய பாகங்கள் அதிகம்.

உண்மையான சிக்கல் ஷாக் அப்சார்பரில் இருக்கிறது. பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் புகுந்து போவதால்தான் ஆட்டம் அடங்குகிறது. ஊசி போடும் சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள்: மெல்ல அழுத்தினால் வழிவிடும், வேகமாக அழுத்தினால் முரண்டு பிடிக்கும். வளைவில் வண்டி சாய்வது மெதுவான அசைவு. அங்கே நமக்குப் பிடிமானம் வேண்டும், எண்ணெயோ வழிவிடுகிறது. குழியில் சக்கரம் அடிவாங்குவது மிக வேகமான அசைவு. அங்கே வழிவிட வேண்டிய எண்ணெய் முரண்டு பிடித்து, அடியை முதுகுக்கு அனுப்புகிறது. நமக்கு வேண்டியதற்கு நேர்மாறு! நல்ல வால்வுகள் இந்தக் குறையைக் குறைக்கும், தீர்க்காது.

இங்கேதான் என்னை மயக்கும் பொருள் வருகிறது: காந்தத்துக்குக் கட்டுப்படும் திரவம். மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட் தாதுவைக் காந்தத்தால் பிரிப்பது நம் குமரி மாவட்டத்துக்குப் பழகிய செய்தி. இதிலும் காந்தம்தான் வேலை செய்கிறது, துகள்தான் வேறு. சில மைக்ரான் அளவுள்ள தூய இரும்புத் துகள்கள் எண்ணெயில் மிதக்கின்றன. பிஸ்டனுக்குள் ஒரு மின்சுருள். மின்சாரம் இல்லாதபோது திரவம் இடுக்கில் சாதாரணமாக ஓடும். மின்சாரம் பாய்ந்ததும் துகள்கள் காந்தப்புலத்தின் திசையில் ஒன்றையொன்று பற்றி, இடுக்கின் குறுக்கே சங்கிலியாக நிற்கும். அந்தச் சங்கிலியை அறுக்காமல் திரவம் நகர முடியாது. ஆகவே பிஸ்டன் எவ்வளவு மெதுவாக அசைந்தாலும் எதிர்ப்பு முழுசாகக் கிடைக்கிறது. வளைவில் நாம் தேடியது இதைத்தானே! குழி வந்தால் கணினி மின்சாரத்தைக் குறைக்கிறது, சங்கிலி கலைகிறது. எல்லாம் சில மில்லிநொடிகளில். 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 10 மில்லிநொடியில் 20 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். குழியின் விளிம்பைச் சக்கரம் கடப்பதற்குள் ஷாக்கின் குணமே மாறிவிடுகிறது!

ஜேக்கப் ராபினோ 1940களில் அமெரிக்க அரசின் தரநிலை ஆய்வகத்தில் இந்தத் திரவத்தை உருவாக்கினார், அதுவும் கிளட்ச்சுக்காக. காரின் சஸ்பென்ஷனுக்கு அது வந்தது 2002இல், கேடிலாக் செவில் காரில். இடையில் அரை நூற்றாண்டு! ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் மூன்றே வருடத்தில் என்ன விற்பீர்கள் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளின் இயற்பியல் கூடங்களுக்கும் அந்தப் பொறுமையோடு நிதி தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் திரவம் பெரும்பாலும் விலையுயர்ந்த கார்களில்தான் இருக்கிறது. வாசகரின் பட்டியலில் உள்ளவை, மின்சாரத்தால் எண்ணெயின் வழியைத் திறந்து மூடும் வகையாகவே இருக்கும். பரவாயில்லை, நோக்கம் ஒன்றுதான், பலனும் பெருமளவு கிடைக்கும்.

அழகுக்காகப் பெரிய சக்கரம் கேட்காதீர்கள்; சக்கரம் பெரிதானால், குழியின் அடியைத் தாங்கும் டயரின் பக்கச்சுவர் குறுகிவிடும். 225 மில்லிமீட்டர் அகலத்தில் 45 சதவீதம் என்று குறித்த டயருக்குப் பக்கச்சுவர் 101 மில்லிமீட்டர். 235க்கு 35 சதவீதம் என்றால் 82தான். நம் சாலைக் குழிகளில் அந்த 19 மில்லிமீட்டர் நன்றாகத் தெரியும்.

முன்பணம் கட்டுமுன் ஒரு ஷாக்கின் உதிரி விலையைக் கேட்டு எழுதி வாங்குங்கள், அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் கசிந்தது ஒன்றே ஆனாலும், இடமும் வலமும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.