தலை சுற்றும் முன்பே மாத்திரை, மீன் ஏறும் முன்பே ஐஸ்

ஒரு நாளைக்குப் படகை வாடகைக்குப் பேசி, தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சுறாவைப் பற்றியும் சூறாவளியைப் பற்றியும்தான். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நான் பார்க்கிறவர்களோ வேறு: வாந்தியெடுத்துத் துவண்டவர்கள், விரலில் தூண்டில் முள்ளோடு வருகிறவர்கள், பிடித்த மீனைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு முகம் சிவக்க ஓடி வருகிறவர்கள். இதில் பெரும்பாலானவற்றைப் படகு ஏறும் முன்பே தடுத்திருக்கலாம்.

முதலில் வாந்தி. படகு ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது. தூண்டிலில் இரை கோத்துக்கொண்டு குனிந்திருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டலாக வெளிவருகிறது. எல்லோரும் செய்வது, குமட்ட ஆரம்பித்த பிறகு மாத்திரையைத் தேடுவது. அந்த நேரத்தில் வயிறு மருந்தை வாங்கிக்கொள்ளாது. சின்னரிசின் என்றால் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, டைமென்ஹைட்ரினேட் என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். இரண்டுமே தூக்கம் தரும். மது கூடவே கூடாது. சாதாரண வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரானை நம்பிக் கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹையோசின் பட்டை மூன்று நாள் வேலை செய்யும். முந்தின இரவே ஒட்டிவிடலாம். கண் அழுத்தம் உள்ளவர்களும் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சிரமமாகப் போகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். ஒட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த விரலாலேயே கண்ணைக் கசக்கிவிட்டு, ஒரு பக்கக் கண்மணி மட்டும் பெரிதாக விரிந்த நிலையில், மூளையில் ஏதோ கோளாறு என்று பயந்து ஒருவர் என்னிடம் வந்தார். பட்டையைப் பார்த்த பிறகுதான் எங்கள் பதற்றமும் தணிந்தது.

படகில் ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பகுதியில், நீர்மட்டத்துக்கு அருகே. படம் எடுக்க அழகான இடமென்று எல்லோரும் ஏறி நிற்கும் அணியம், அதாவது படகின் முன்முனைதான் மிக மோசம். அறைக்குள் போய்ப் படுத்தால் டீசல் புகை மிச்சத்தையும் கிளப்பிவிடும். தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு காற்றில் இருங்கள்.

அடுத்தது தூண்டில் முள். நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்த சிறு செதில் ஒன்று இருக்கிறதே, மீன் கழன்று போகாமல் பிடிப்பது அதுதான். சதையையும் அப்படியே பிடிக்கும். ஆடுகிற படகில் நண்பர் ஒருவர் கொறடால் வெடுக்கென்று இழுத்தால் நரம்பும் தசைநாரும் கிழியும். முள்ளில் கட்டியிருக்கும் தங்கூஸ் இழையை வெட்டிவிடுங்கள். மூன்று கொக்கி உள்ள முள் என்றால் வெளியே நீட்டியிருக்கும் மற்ற நுனிகளைத் துணியாலோ டேப்பாலோ சுற்றிவிட்டு வாருங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, நுனியை மேலே தள்ளி வெளியே எடுத்து, செதிலை வெட்டிவிட்டு முள்ளைப் பின்னால் உருவுவது எங்களுக்குச் சில நிமிட வேலை. கண்ணில் பட்டிருந்தால் மட்டும் யாரும் எதையும் தொடக்கூடாது: அழுத்தாமல் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டி, நேரே கண் மருத்துவமனை. கூலிங் கிளாஸ் வெயிலுக்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.

கெளுத்தி, திருக்கை குத்தினால் வலி உயிர் போகும். அந்த நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி, தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைக்கவேண்டும். குத்துப்படாத கையால் சூட்டைச் சோதியுங்கள், வலியில் இருக்கும் கைக்கு வெந்துபோவது தெரியாது. நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் வெந்நீருக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு. ஈரல் நோய் உள்ளவர்களுக்குக் கடல்நீர் பட்ட காயம் வேகமாக மோசமாகும். சிவப்பு பரவினாலோ கொப்புளம் வந்தாலோ மறுநாள் வரை பொறுக்கவேண்டாம்.

இப்போது மீன். நான் இத்தனை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்த பிறகு சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக, அதாவது அலர்ஜி வரும்போது நம் உடலே வெளிவிடும் அதே பொருளாக, மாற்றிவிடும். சூரையின் உடலோ சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடு. நெடுநேரம் மல்லுக்கட்டி இழுத்த சூரை இன்னும் சூடாகவே தளத்துக்கு வருகிறது. அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து, வெயிலில் கிடத்தி, அடுத்த மீனுக்குத் தூண்டில் போட்டால் கேடு அங்கேயே தொடங்கிவிடும். உருவான ஹிஸ்டமின் பொரித்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. நாற்றமும் இருக்காது. நாக்கில் மிளகு பட்டதுபோல் ஒரு சுரீர் வந்தால் அந்தத் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

எனவே படகு பேசும்போது எத்தனை தூண்டில், எத்தனை மீன் என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு ஐஸ் ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். ஐஸ் கட்டிகள் மட்டும் போட்டால் அங்கங்கேதான் மீனைத் தொடும். ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் மீனை முழுக்க மூழ்க வைத்தால் மளமளவென்று குளிரும். ரத்தம் வடித்து, குடலெடுத்து, உடனே உள்ளே. கரையேறி வீடு சேரும்வரை 4 டிகிரிக்கு மேல் போகக்கூடாது.

சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். மூச்சு இரைத்தாலோ மயக்கம் வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். வரும்போது என்ன மீன், எவ்வளவு நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது, அதே மீனைச் சாப்பிட்ட வேறு யாருக்காவது இப்படி ஆயிற்றா என்று சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிவந்து வந்தால் அது மீன் அலர்ஜி இல்லை என்பது கிட்டத்தட்ட அங்கேயே தெரிந்துவிடும். இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் "மீன் அலர்ஜி" என்று ஃபைலில் எழுதப்பட்டு, வருஷக்கணக்கில் மீனே தொடாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.