பழைய கார்களின் கியர்பாக்ஸைத் தின்னும் தவறான ஆயில்

இரண்டாவது கியர் போடும்போது மட்டும் கரகரவென்று அரைக்கிறது என்று சொல்லி, 1950களில் தயாரான ஒரு காரை அதன் உரிமையாளர் என் பணிமனையில் விட்டுச் சென்றார். கியர்பாக்ஸ் ஆயிலைத் தட்டில் வடித்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோது, பொன்தூள் கரைத்தது போல் அது மினுமினுத்தது. காந்தத்தை அருகில் கொண்டுசென்றேன். ஒரு துகள்கூட ஒட்டவில்லை. எஃகுப் பற்கள் தேய்ந்திருந்தால் காந்தத்தில் மீசை முளைத்தது போல் தூள் அப்பியிருக்கும் என்பதால், என் சந்தேகம் வெண்கலத்தாலான சிங்க்ரோ வளையத்தின் மீது விழுந்தது. கியர் மாற்றும்போது, கோக்க வேண்டிய பாகங்களை உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அந்த வளையம்தான். பிரித்துப் பார்த்ததில், வளையத்தைக் கியரின் கூம்பு மீது வைத்து அழுத்தினால் வளையத்தின் விளிம்புக்கும் கியரின் பல்வரிசைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அறவே இல்லை.

உரிமையாளர் எந்த அலட்சியமும் செய்யவில்லை. 4ஐவிட 5 உயர்ந்தது என்று நம்பி, ஜிஎல்-4 என்ற வகைக் கியர் ஆயில் இருந்த இடத்தில் ஜிஎல்-5 வகை ஆயிலை ஊற்றியிருந்தார். அந்த எண்கள் வேலையின் தன்மையைக் குறிப்பவை. ஜிஎல்-5 ஆயில், பற்கள் ஒன்றின் மீதொன்று பெரும் அழுத்தத்தில் வழுக்கிச் சுழலும் ஹைபாய்டு ஆக்சிலுக்கானது. அதனால் அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் ஏறத்தாழ இருமடங்கு இருக்கின்றன. அவை எஃகின் மீது காப்புப் படலமாகப் படிகின்றன. வெண்கலத்திலோ, அந்தப் படலம் உரியும் ஒவ்வொரு முறையும் அடியிலுள்ள உலோகத்தையும் கொஞ்சம் உரித்துக்கொண்டே போகிறது. வெண்கலத்துக்குத் தீங்கில்லை என்று ஆயில் தயாரிப்பாளரே எழுத்தில் உறுதி தந்தாலொழிய, அதைப் பழைய கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். திருகு போன்ற தண்டு வெண்கலப் பற்சக்கரத்தைச் சுழற்றும் பழைய வார்ம் ஆக்சில்களுக்கும் இது பொருந்தும். சில கியர்பாக்ஸ்களுக்குக் கையேடு எஞ்சின் ஆயிலையே சொல்லும். அதைப் பிழையென்று கருத வேண்டாம். கியர் ஆயிலின் 90 என்ற எண், எஞ்சின் ஆயிலில் 40, 50 என்று சொல்லும் கெட்டித்தன்மைக்கு நெருக்கமானதுதான், ஏனெனில் இரண்டின் அளவுகோல்களும் வேறு.

வளையத்தைக் காப்பதில் ஓட்டுபவரின் காலுக்கும் பங்குண்டு. இந்த வளையங்களைக் கொண்டு கியரைச் சத்தமின்றிக் கோக்கும் சிங்க்ரோமெஷ் அமைப்பு 1928இல் காடிலாக் கார்களில்தான் அறிமுகமானது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஏராளமான கார்களின் முதல் கியருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. சிங்க்ரோமெஷ் வருவதற்கு முந்தைய கார்களில், ஒரு கியர் மாற்றத்துக்குக் கிளட்சை இருமுறை மிதிக்கும் டபுள் கிளட்ச் செய்தே ஓட்டியாக வேண்டும். விகிதம் 1 உள்ள டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது, விகிதம் 1.5 உள்ள கியருக்கு இறங்க 2250 சுற்று தேவை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைத் தட்டி அந்தச் சுற்றை எட்டிய பிறகு, மீண்டும் மிதித்துக் கியரைத் தள்ளினால் பற்கள் சத்தமின்றிக் கோக்கும். நியூட்ரலில் கிளட்சை விடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் அழுத்தினால் வேகம் எஞ்சினோடு நின்றுவிடும், கியர்பாக்ஸின் உள்ளே கியர்களைச் சுழற்றும் துணைத் தண்டான லேஷாஃப்ட்டுக்குப் போய்ச் சேராது. சிங்க்ரோ தளர்ந்த காரிலும் இப்படி ஓட்டினால் வளையத்தின் சுமை வெகுவாகக் குறையும்.

அந்தக் காருக்குப் புது வளையம் போட்டு, கையேடு சொன்ன ஆயிலை ஊற்றிக் கொடுத்தேன். 800 கி.மீ. ஓடிய பின் வரச்சொல்லி மறுபடி வடித்துப் பார்த்தபோது, தட்டில் மினுமினுப்பு இல்லை.