காடைக்குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாவது ஏன்? வீட்டு இன்குபேட்டர் வைத்திருப்பவர்களுக்கு

வீட்டு இன்குபேட்டரில் வைத்த காடை முட்டை சரியாகப் பொரியாவிட்டால், ‘முட்டையில் கரு இல்லை’ என்று முடிவுகட்டித் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறிவதற்கு முன் உடைத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றில் இறகும் நகமும் முளைத்த முழுக் குஞ்சு இருக்கும். பதினாறு நாள் வளர்ந்து, வெளியே வரும் நாளில் மூச்சு முட்டி இறந்த குஞ்சு அது. பெரும்பாலும் இதற்குக் காரணம், முதல் நாளிலிருந்தே கருவிக்குள் ஊற்றி வைத்த தண்ணீர்.

நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974-இல் உத்தரப் பிரதேசத்தின் இசத்நகருக்கு வந்து, பிறகு நாடெங்கும் பரவியது. ‘நாமக்கல் காடை’, ‘நந்தனம் காடை’ என்று கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கியவையும் இந்த இனம்தான். வளர்ப்புக் காடை அநேகமாக அடையில் உட்காருவதே இல்லை, அதனால்தான் கருவி தேவைப்படுகிறது. வயல்வெளியில் கிடைக்கும் காட்டுக்காடை முட்டையை எடுத்து வந்து பொரிக்க முயல வேண்டாம். அந்தப் பறவைகளுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு உண்டு.

ஜப்பானியக் காடை பொரிய 17 நாள் ஆகும். ஒரு நாள் முன்னே பின்னே போகலாம். முட்டையின் எடை 10 முதல் 12 கிராம். முதல் பதினான்கு நாளில் ஓட்டின் நுண்துளைகள் வழியாக அந்த எடையில் சுமார் 12 சதவீதம் ஆவியாகிப் போயாக வேண்டும். போன அளவுக்குத்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். ஓட்டைக் கொத்துவதற்கு முன் குஞ்சு முதல் மூச்சை அந்தக் காற்றறைக்குள்தான் விடுகிறது. கருவிக்குள் ஈரம் மிஞ்சினால் தண்ணீர் வெளியேறாது, காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் மூழ்கிவிடும்.

எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பதை உங்கள் ஊர்க் காற்று தீர்மானிக்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அறையில் 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றை 37.6 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் தானாகவே ஏறக்குறைய 49 சதவீதத்துக்கு இறங்கிவிடும். முதல் பதினான்கு நாளுக்குக் காடைக்கு வேண்டியது 45 முதல் 50 சதவீதம்தான், அதனால் அங்கே ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். அதே கருவி கோடையில் கரூரில் இருந்தால் கணக்கு மாறும். 36 டிகிரி, 30 சதவீதம் உள்ள காற்று உள்ளே போனதும் 27, 28 சதவீதமாக வறண்டுவிடும். அங்கே தண்ணீர் கட்டாயம். ஊற்றும்போது ஆழத்தைப் பார்க்காதீர்கள். ஈரத்தைக் கூட்டுவது தண்ணீரின் மேற்பரப்பு. ஆழமான கிண்ணத்தைவிட அகன்ற தட்டில்தான் அதிகம் ஆவியாகும்.

சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள, ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு போதும். 11 கிராம் கணக்கில் இருபது முட்டை 220 கிராம் நிற்கும். ஏழாம் நாள் 207 கிராம் அளவிலும் பதினான்காம் நாள் 194 கிராம் அளவிலும் இருந்தால் நல்லது. ஏழாம் நாளே 212, 213 காட்டினால் தண்ணீரை எடுத்துவிட்டுக் காற்றுத் துளையைத் திறந்துவிடுங்கள். காடை முட்டையின் புள்ளி விழுந்த ஓட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பது பழகிய கண்ணுக்கே சிரமம். அதனால் நாங்கள் தராசைத்தான் நம்பச் சொல்கிறோம்.

ஈரப்பத மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. மலிவான மீட்டர்கள் 5 சதவீதம் வரையும் அதற்கு மேலும் பிசகும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, கெட்டிக் குழம்பாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டருடன் காற்றுப் புகாத கவரில் மூடி ஒரு இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் மீட்டர் 5 குறைத்துச் சொல்கிறது என்று பொருள். வெப்பத்தையும் முட்டை வைப்பதற்கு முன்பே சோதியுங்கள். கருவியை ஒரு நாள் வெறுமனே ஓடவிட்டு, மூடியிட்ட சிறு மருந்துப் புட்டியில் தண்ணீர் நிரப்பி உள்ளே ஆறு மணி நேரம் வைத்து, திறந்த கையோடு காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை அதில் நுழைத்துப் பாருங்கள். 99.5 முதல் 99.9 பாரன்ஹீட்டுக்குள் இருந்தால் சரி. இது விசிறி உள்ள கருவிக்கான கணக்கு. விசிறி இல்லாத தெர்மோகோல் பெட்டியில் சூடு மேலே தங்கி அடியில் குறையும். அதில் முட்டையின் மேற்பகுதி மட்டத்தில் 38.3 முதல் 38.9 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

முட்டை வாங்கும் இடமும் முக்கியம். உண்பதற்காக விற்கும் முட்டைகள் பெரும்பாலும் ஆண் இல்லாத கூண்டில் இட்டவை, கூமுட்டையாகத்தான் போகும். இரண்டு, மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் விட்டிருக்கும் இடத்தில் வாங்குங்கள். குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஏழு நாள் வரை தாங்கும். நம் வெயிலில் சாதாரண அறையில் வைப்பதானால் மூன்று, நான்கு நாளுக்குள் அடை வைத்துவிடுவது நல்லது. ஃபிரிட்ஜ் வேண்டாம், ஈர மணல்மேல் வைத்த மண்பானை நல்லது. கூர்முனை கீழே இருக்க வேண்டும். அழுக்கு முட்டையைக் கழுவிச் சேர்க்காதீர்கள், ஒதுக்கிவிடுங்கள்.

திருப்புவதற்குக் கோழி முட்டைத் தட்டைப் பயன்படுத்தினால் காடை முட்டை நழுவி விழும், காடைக்கான தட்டு வேண்டும். கையால் திருப்புவோர் பென்சிலால் இரு பக்கமும் குறியிட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்பலாம். ஒற்றைப்படையாக இருந்தால் நீண்ட இரவில் ஒரே பக்கம் தினமும் மேலே இருக்காது.

பதினான்காம் நாள் முடிந்ததும் திருப்புவதை நிறுத்தி, முட்டைகளைச் சொரசொரப்பான துணியின்மேல் படுக்கவைத்து, இப்போதுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இனி 65 முதல் 70 சதவீதம் தேவை. கடலோரத்திலும் ஈரமான ஸ்பாஞ்ச் ஒன்று வைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு திறக்கவே கூடாது. ஒரு குஞ்சு ஓட்டைக் கொத்தியிருக்கும்போது மூடியைத் தூக்கினால் ஈரக்காற்று வெளியேறி, உட்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதனால் அசைய முடியாது. கொத்திய குஞ்சை உரித்து எடுக்கவும் அவசரப்படாதீர்கள். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபட்டு முடியாமல் வெளியே எடுத்தால் தொப்புளில் ரத்தம் கசியும். அந்த மஞ்சள் கரு இருக்கும்வரை குஞ்சுக்கு இரை தேவையில்லை, ஒரு நாள் கருவிக்குள்ளேயே உலரலாம்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரக் குளிர்ச்சியை முட்டை தாங்கும், பொரிப்பு சற்றுத் தாமதமாகலாம். அதிகச் சூட்டைத்தான் தாங்காது. 40.5 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் இருந்தாலே இழப்பு பெரிதாக இருக்கும். கருவிக்குக் குளிர்விக்கத் தெரியாது. ஆகவே தகரக் கூரைக்கு அடியிலும் மேற்கு வெயில் படும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். கரண்ட் இல்லாதபோது போர்வை போர்த்தினாலும் காற்றுத் துளைகளை மூடக் கூடாது.

வெளிவந்த குஞ்சு 7, 8 கிராம்தான் இருக்கும். புரூடரில், அதாவது குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டியில், முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி வேண்டும். செய்தித்தாள் வழுக்கிக் கால் பரந்துவிடும், சாக்கு விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளைப் பரப்பாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கும்.

பத்தொன்பதாம் நாள் மீதி முட்டைகளை வெளியே வைத்து உடைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கரு கூடவில்லை. ரத்த வளையம் இருந்தால் முதல் சில நாளிலேயே இறந்தது: முட்டை பழசு, அல்லது தொடக்கச் சூடு மிஞ்சியிருக்கிறது. குஞ்சு நீர்கோத்து ஈரமாக இருந்தால் முதல் பதினான்கு நாளில் ஈரம் அதிகம். சவ்வு காய்ந்து ஒட்டியிருந்தால் கடைசி மூன்று நாளில் ஈரம் போதவில்லை. எல்லாம் பதினாறாம் நாளே வந்து தொப்புள் மூடாமல் இருந்தால் வெப்பத்தை 0.3 டிகிரி குறையுங்கள். முட்டை எடை, ஈரப்பதம், உடைத்தபோது கண்டது மூன்றையும் தேதியுடன் எழுதி வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கருவியின் தட்டுகளையும் கழுவி வெயிலில் உலர்த்திய பிறகே அடுத்த ஈட்டை வையுங்கள்.