வெயிலில் கிடக்கும் மரத்துக்கு எந்த எண்ணெய்?

வெளியில் போட்ட மரம் ஓரிரு வருடத்தில் சாம்பல் பூத்துவிடும். மழைதான் காரணம் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் வேலையைத் தொடங்குவது வெயில். மரத்தின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு லிக்னின் என்ற பொருள். செல்லுலோஸ் இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது அதுதான். லிக்னின் புறஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சும்போதே உடைந்தும் போகும். உடைந்த துண்டுகள் நீரில் கரையக்கூடியவை என்பதால் அடுத்த மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது வெளுத்த செல்லுலோஸ் இழைகள். அவற்றின் மேல் கரும்பூஞ்சணம் வந்து உட்கார்ந்ததும் அந்தச் சாம்பல் நிறம் முழுமையாகிறது.

புறஊதாக் கதிர் மரத்துக்குள் 75 மைக்ரோமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செங்குத்தாக நிற்கும் பைன் போன்ற மென்மரம் இப்படித் தேய்வது நூறு வருடத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் என்பது மர ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. அப்படியென்றால் பூச்சே வேண்டாமே என்று கேட்கலாம். வேலிக்கம்பத்துக்கு உண்மையிலேயே வேண்டாம். சாம்பல் நிறம் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். வெறுங்காலோடு நடக்கும் பலகைத் தளம் என்றால் கதை வேறு. இழைகள் சிலும்பி காலில் ஏறும், வெடிப்புகள் விழும், வெடிப்பில் தண்ணீர் தங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றுவிட்டால் மக்கவைக்கும் காளான்களுக்கு வழி திறக்கும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டின் பின்பக்கம் 'டெக்' என்ற மரத்தளம் இருப்பது சாதாரணம். அங்கே குடியேறிய நம்மவர்கள் வீடு வாங்கிய பிறகு கற்றுக்கொள்ளும் வேலைகளில் இதைப் பராமரிப்பதும் ஒன்று. கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க 'ஸ்டெய்ன்' என்ற மரப்பூச்சின் டப்பாக்கள். நிறமற்றது, லேசாக நிறம் தொட்டது, பாதி ஒளிபுகுவது, முழுக்க மறைப்பது, எண்ணெய் அடிப்படை, நீர் அடிப்படை. எல்லா டப்பாவும் பல வருடப் பாதுகாப்பு தரும் என்றுதான் சொல்லும். எதை எடுப்பது என்பதை டப்பாவின் மேல் எழுதியதை வைத்து முடிவு செய்வதைவிட, மரத்துக்கு என்ன நடக்கிறது என்பதை வைத்து முடிவு செய்வது எளிது.

மரம் செத்த பிறகும் அசைந்துகொண்டே இருக்கும் பொருள். ஈரம் ஏறினால் ஊதும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு அநேகமாக இல்லை. குறுக்குவாக்கில், அதுவும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில்தான் அதிகம். அமெரிக்க டெக்குகளில் பரவலாகப் போடும் தெற்கத்திய மஞ்சள் பைன் பலகையை எடுத்துக்கொள்வோம். அகலம் 140 மில்லிமீட்டர். அதன் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு ஏறினால் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர் கூடும். காய்ந்தால் மறுபடி அவ்வளவும் குறையும். ஒவ்வொரு மழைக்காலமும் கோடையும் இதே ஆட்டம்.

இப்போது அந்தப் பலகையின் மேல் வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வார்னிஷ் மரத்தின் மேல் தனிப் படலமாக உட்காரும். மரம் அசையும்போது படலம் இழுபடும். புதிதில் தாங்கும். வெயிலில் கெட்டியாகி நெகிழ்ச்சி போனதும் மயிரிழை வெடிப்பு விடும். அதன் வழியே இறங்கிய தண்ணீர் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். தெளிவான வார்னிஷில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெயில் அதை ஊடுருவிப் போய் அடியில் இருக்கும் லிக்னினை உடைத்துவிடும். படலம் நன்றாகவே இருக்கும், அது ஒட்டியிருந்த மரம்தான் கழன்றுவிடும். மேற்குப் பார்த்த வாசற்கதவில் பாலிஷ் தோல் உரிவதுபோல உரிவதை நம்மூரிலேயே தெருவுக்கு ஒன்று காட்டலாம். கதவுக்குத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். முப்பது பலகை கொண்ட தளத்தைச் சுரண்டி எடுப்பது முதுகு உடைக்கும் வேலை.

எண்ணெய் ஸ்டெய்னின் அழகு அது படலமாக நிற்காமல் உள்ளே இறங்கிவிடுவதில் இருக்கிறது. இழைத்த பலகையின் மேற்பரப்பில் அறுபட்ட செல்கள் திறந்த குழாய்களாகக் கிடக்கும். மெல்லிய எண்ணெய் அவற்றுக்குள் இழுபட்டுப் போய் அங்கேயே கெட்டியாகும். ரொம்ப ஆழம் ஒன்றும் போகாது. பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே பெரிது. வெட்டுமுனையில் மட்டும் கூடுதலாகக் குடிக்கும். உரிவதற்குப் படலமே இல்லாததால் உரிவதும் இல்லை. தேயும், மங்கும், அவ்வளவுதான்.

அது சரி, எண்ணெய் எப்படிக் கெட்டியாகிறது? தண்ணீர் உலர்வதுபோல ஆவியாகிக் காய்வது இல்லை. டப்பாவில் கலந்திருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போகும். எண்ணெய் மட்டும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகும். காய்ந்த எண்ணெயின் எடை குறைவதற்குப் பதில் கூடக்கூடச் செய்யும். எண்ணெய் மூலக்கூறின் நீண்ட கரிமச் சங்கிலியில் சில இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். அவற்றை ஒட்டிய இடத்தில் ஆக்சிஜன் கை வைக்கும். அங்கிருந்து அடுத்த மூலக்கூறோடு பாலம் விழும். அப்புறம் அதற்கும் அடுத்ததோடு. கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே வலையாகி, திரும்ப உருக்கவோ எளிதில் கரைக்கவோ முடியாத பொருளாகிவிடுகிறது.

இரட்டைப் பிணைப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்றாகக் காயும். அதை அளக்க வேதியியலில் 'அயோடின் எண்' என்று ஒன்று உண்டு. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்பதே அது. ஆளி விதை எண்ணெய்க்கு 170 முதல் 200 வரை. சீனாவிலிருந்து வரும் டங் எண்ணெய்க்கு 160-க்கு மேல். சோயா எண்ணெய் 130-ஐ ஒட்டி. நல்லெண்ணெய் 110-ஐ ஒட்டி. கடலை எண்ணெய் 100-க்குக் கீழே. தேங்காய் எண்ணெய்க்கு 10-க்கு உள்ளே. அதனால்தான் ஆளி விதை எண்ணெய் ஓவியத்துக்கும் பெயின்ட்டுக்கும் போனது, தேங்காய் எண்ணெய் தலைக்கும் தாளிப்புக்கும் போனது. மரச் சாமானுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும். இறுகவே இறுகாது, தூசி பிடித்துப் பிசுபிசுக்கும், கடைசியில் சிக்கு வாடை வரும். இந்தியாவின் தென்மேற்குக் கரை மீனவர்கள் மரப்படகுக்கு மத்தி எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசி வந்ததை இந்தக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். மீன் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் ஏராளம். அயோடின் எண் என்ற சொல்லே கேள்விப்படாமல் சரியான எண்ணெயை எடுத்திருக்கிறார்கள்.

சுத்தமான ஆளி விதை எண்ணெய் காய நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதனால் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளைத் துளியளவு சேர்த்து வினையை முடுக்குவார்கள். இன்றைய ஸ்டெய்ன்களில் வெறும் எண்ணெயைவிட, எண்ணெயை வைத்தே செய்த ஆல்கைட் பிசின்தான் அதிகம் இருக்கும். அது சீக்கிரம் இறுகும், வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். வெறும் ஆளி விதை எண்ணெயை டெக்கில் பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூஞ்சணத்துக்கு அது விருந்து. ஈரமான ஊரில் கொஞ்ச நாளிலேயே கறுத்துப்போகும்.

ஆக்சிஜனோடு சேரும் இந்த வினை வெப்பத்தை வெளிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. பலகையில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் வெப்பம் உள்ளேயே சேரும், சேரச் சேர வினை வேகமெடுக்கும், தீப்பெட்டியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது இப்படித்தான். 22-ஆவது மாடியில் மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளி விதை எண்ணெய்த் துணிகளில் பிடித்த தீ மாடி மாடியாக ஏறியது. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். 30-ஆவது மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்கள்தான் கடைசியில் அதை நிறுத்தின. வேலை முடிந்ததும் துணியை விரித்து வெட்டவெளியில் தனித்தனியாகக் காயப் போடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த உலோக டப்பாவில் அமுக்கி மூடிவிடுங்கள். ஸ்டெய்ன் டப்பாவில் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கைகளில் வரி விடாமல் படிக்க வேண்டியது இது ஒன்று.

எண்ணெய் தண்ணீரைத் தடுக்கும். வெயிலை அநேகமாகத் தடுக்காது. அந்த வேலை நிறமியுடையது. ஸ்டெய்னில் பழுப்பும் சிவப்பும் தருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அதாவது சுத்திகரித்த துரு. அழகுக்காகச் சேர்த்தது என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறோம். அந்தத் துகள்கள் புறஊதாக் கதிரைத் தாமே விழுங்கி, அடியில் உள்ள லிக்னினைக் காப்பாற்றுகின்றன. "மரத்தின் இயல்பு நிறம் மாறக் கூடாது" என்று நிறமற்ற பூச்சு வாங்குகிறவர்கள் ஒரு வருடத்தில் சாம்பல் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும், நிறமே இல்லாத டப்பாவுக்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

இதைச் சோதித்துப் பார்த்த ஒரு பழைய செய்முறை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் 1910-இல் தொடங்கிய வனப்பொருள் ஆய்வகம், 1950-களில் வீட்டு மரச்சுவர்களுக்காக 'மேடிசன் ஃபார்முலா' என்ற ஸ்டெய்னை வெளியிட்டது. ஆளி விதை எண்ணெய், தண்ணீரை விலக்கப் பாரஃபின் மெழுகு, இரும்பு ஆக்சைடு நிறமி, பூஞ்சணத்துக்குப் பென்டாகுளோரோஃபீனால், கரைப்பான். இன்று விற்கும் பாதி ஒளிபுகும் ஸ்டெய்ன்களின் அடிப்படை ஏறத்தாழ இதுவேதான். நச்சுத்தன்மை காரணமாகப் பென்டாகுளோரோஃபீனால் மட்டும் வெளியேறியது. 2015-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்க வேண்டிய வேதிப்பொருள் பட்டியலிலும் அது ஏறிவிட்டது.

நிறமி கூடக் கூட ஆயுள் கூடும் என்றால் முழுக்க மறைக்கும் ஸ்டெய்னையே எடுக்கலாமே? சுவருக்கும் வேலிக்கும் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அவ்வளவு நிறமியைப் பிடித்து வைக்கப் பிசினும் அதிகம் வேண்டும், அதெல்லாம் மரத்துக்குள் போகாது. மேலே படலமாக நிற்கும். பெயருக்கு ஸ்டெய்ன், நடத்தையில் மெல்லிய பெயின்ட். காலடி படும் தளத்தில் உரிய ஆரம்பித்துவிடும். தளத்துக்கு நடுவழிதான் சரி: மரத்தின் ரேகை தெரிகிற அளவு நிறமி, உள்ளே இறங்குகிற அளவு மெல்லிய எண்ணெய். இரண்டு மூன்று வருடம் எதிர்பார்க்கலாம். அதே ஸ்டெய்ன் செங்குத்துச் சுவரில் இன்னும் நாள் நிற்கும். மேல்நோக்கிப் படுத்திருக்கும் பலகை உச்சி வெயிலையும் தேங்கும் தண்ணீரையும் முழுசாக வாங்குகிறதே.

மரத்தின் வகையும் தேர்வை மாற்றும். மக்காமல் இருக்க மருந்தேற்றிய பைன் கடையிலிருந்து வரும்போது நனைந்தே இருக்கும். அதன் செல்களில் தண்ணீர் உட்கார்ந்திருந்தால் எண்ணெய்க்கு இடம் ஏது? வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காய விட வேண்டும். பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும், சட்டென்று உறிஞ்சிக்கொண்டால் பூசலாம். தென்னமெரிக்க இப்பே மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ. பல இப்பே பலகைகள் தண்ணீரில் மூழ்கிவிடும். அந்த இறுக்கத்தில் எண்ணெய் நுழையவே இடமில்லை. கடின மரங்களுக்கென்று விற்கும் மிக மெல்லிய எண்ணெயை ஒரே கையாகப் பூசித் துடைத்துவிட வேண்டும். வைரம் பாய்ந்த தேக்கில் அதன் சொந்த எண்ணெய்ப் பசை பூச்சு ஒட்டுவதைக் கெடுக்கும், காய்வதையும் தாமதப்படுத்தும். பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைப்பது உதவும். சிடார் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். இரும்பு ஆணி பட்ட இடமெல்லாம் கறுப்பாகும். அந்தக் கறையை ஆக்சாலிக் அமிலம் எடுத்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது நச்சு.

இன்னொன்று. கரைப்பான் ஆவி காற்றைக் கெடுக்கிறது என்று கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் வரம்பு வைத்திருப்பதால், 'எண்ணெய்' என்று பெயர் தாங்கிய சில டப்பாக்களில் தண்ணீரில் கலக்கிய எண்ணெய்தான் இருக்கும். பின்பக்கம் தூரிகையை எதில் கழுவச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சோப்புத் தண்ணீர் என்றால் தண்ணீரில் கலக்கியது, மினரல் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பான் என்றால் வழக்கமான எண்ணெய். இரண்டிலும் நல்லது உண்டு, ஆனால் பழைய பூச்சின் மேல் பூசுகிறவர்கள் எது என்று தெரிந்துகொண்டு பூசுவது நல்லது.

பூசும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்புத்தாளை 60 அல்லது 80 எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் இறங்காது. நேர் வெயிலில் பூசக் கூடாது. நிறமி அடியில் தங்கும், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் பலகை வெளுத்தும் கடைசிப் பலகை கறுத்தும் நிற்கும். இரண்டு மூன்று பலகைகளை முனை முதல் முனை வரை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கால் மணி நேரம் கழித்தும் உள்ளே போகாமல் நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். மரம் குடிக்க முடியாத எண்ணெயை மேலே விட்டால் அது படலமாகி, எந்தத் தொல்லைக்குப் பயந்து ஸ்டெய்ன் வாங்கினோமோ அதையே கொண்டுவரும். வெட்டுமுனைகளை மட்டும் இரண்டு மூன்று தடவை ஊற ஊறப் பூசலாம். தண்ணீர் அதிகம் நுழைவது அங்கேதான்.

மறுபடி எப்போது பூசுவது என்பதற்கும் அதே தண்ணீர்ச் சோதனைதான். தளம் முழுக்க ஒரே நேரத்தில் தேயாது. படிக்கட்டும், கதவைத் திறந்ததும் கால் வைக்கும் இடமும், தெற்கு ஓரமும் முந்திக்கொள்ளும். அங்கே மட்டும் அழுக்கைக் கழுவி, காயவிட்டு, அதே டப்பாவைக் கிளறி ஒரு கை பூசினால் போதும். பழையதைச் சுரண்ட வேண்டியதில்லை.