ஃபெர்டிலிட்டி: கருவுறுதலா, கருவளமா, பிள்ளைப்பேறா?

ஒரு பெண் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்று காட்டும் 'ஃபெர்டிலிட்டி ரேட்' என்பதை இங்கே செய்திகளில் 'கருவுறுதல் விகிதம்' என்று போடுகிறார்கள், இலங்கையில் 'கருவள வீதம்'. இரண்டுமே எனக்கு உறுத்துகிறது. கருவுற்றதெல்லாம் பிறப்பதில்லை. வளம் என்பதோ பெறக்கூடிய ஆற்றல், அதற்கு மக்கள்தொகையியலில் 'ஃபெகண்டிட்டி' என்று தனிச்சொல்லே இருக்கிறது. ஃபெர்டிலிட்டி எண்ணுவது உயிரோடு பிறந்த குழந்தைகளை. எட்டுப் பெறக்கூடியவள் இரண்டோடு நிறுத்திக்கொண்டால் கணக்கில் இரண்டுதான்.

அதன் வேர் லத்தீன் 'ஃபெர்ரே', சுமத்தல் என்று பொருள். நம்மிடம் இருப்பது 'பெறு'. பிள்ளையையும் பெறுகிறோம், கூலியையும் பெறுகிறோம். 'பேறு' என்றால் பிறப்பு, செல்வமும்கூட. (பதினாறும் பெற்று வாழச் சொன்னால் பதினாறு பிள்ளையா என்று சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பதினாறு வகைச் செல்வம் ஐயா.) குறள் 'தம்பொருள் என்பதம் மக்கள்' என்று நேராகவே சொல்லிவிட்டது.

அந்தப் பொருளை ஒருவர் கணக்குப் போட்டே பார்த்தார். வங்கதேசத்தில் ஒரு கிராமத்தை ஆராய்ந்து மக்கள்தொகை ஆய்வாளர் மீட் கேய்ன் 1977இல் எழுதியது இது: ஆண் பிள்ளை 12 வயதுக்குள் தான் தின்பதைவிட அதிகம் உழைத்துத் தருகிறான், 15 வயதில் அதுவரை தின்றதையெல்லாம் அடைத்துவிடுகிறான். பென்ஷன் இல்லாத ஊரில் வயதான காலத்துக்கும் அவன்தான் என்றால், இன்னொன்று பெற்றுக்கொள்வோம் என்று அந்த வீடு நினைத்ததை அறியாமை என்று எப்படிச் சொல்வது? பெண் பிள்ளையின் வேலை பெரும்பாலும் வீட்டுக்குள், அதற்குக் கூலி கிடையாது, அதனால் கணக்கிலும் சரியாக ஏறாது.

அப்புறம் கணக்கு திரும்பியது. பிள்ளை பள்ளிக்கூடம் போனால் உழைப்பு குறைகிறது, செலவு ஏறுகிறது. அதுவரை பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு வந்த செல்வம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறது என்பது மக்கள்தொகையியலாளர் ஜான் கால்டுவெல் 1976இல் முன்வைத்த கருத்து. தாயின் வேலையும் மாறியது. முற்றத்தில் நெல் புடைக்கும்போது கைக்குழந்தை பக்கத்திலேயே கிடக்கும், தையல் ஆலைக்குள் அது முடியாது. கருத்தடை மாத்திரையும் வீடு தேடி வந்தது. 1970களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேல் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை இப்போது இரண்டரைக்கும் கீழே.

சரி, என்ன எழுதுவது? 'மகப்பேறு' என்றாலே ஆஸ்பத்திரியும் விடுப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் 'பிள்ளைப்பேற்று விகிதம்' என்று எழுதுகிறேன். 'கருவளம்' ஃபெகண்டிட்டிக்கு இருக்கட்டும், 'கருத்தரிப்பு' கிளினிக் போர்டுகளில் இருக்கட்டும், அங்கே அது சரியான சொல்தான்.